வரலாற்றுக் கணிபுனைவு: ஒரு சொல்லாக்க ஆய்வு

முன்னுரை

புதிய பொருள் ஒன்று தோன்றும்போது அதற்குரிய பெயரும் உடன் தோன்றுவதில்லை. பொருள் முதலில் வரும். சில காலம் பிறிதொன்றன் பெயரைத் தாங்கி வழங்கும். பின்னரே தனக்குரிய பெயரைப் பெறும். அவ்விடைக்காலத்தே மக்கள் அதனைப் பழைய பொருளோடு மயங்கக் கொள்வது இயல்பு. உரைநடையில் அமைந்த நெடுங்கதை தமிழில் கால்கொண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தகைய மயக்கம் இருந்தது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வரலாற்றுக் கதைகள் இயற்றப்பெறும் இக்காலத்தும் அது மீண்டும் தோன்றியுள்ளது.

ஓர் அரசனுடைய பெயரையும் ஓர் ஊரின் பெயரையும் தந்து இயந்திரத்திடம் கதை வேண்டின், ஆண்டும் போரும் அமைச்சரும் அந்தப்புரமும் உரையாடலும் நிறைந்த கதையொன்று சில நொடிகளில் வந்துவிடுகின்றது. அதனை யாது என்று அழைப்பது? 'வரலாற்றுப் புதினம்' என்று அழைப்பின், கல்கியும் அகிலனும் எழுதியவற்றோடு அஃது ஓரினம் ஆகிவிடும். 'செயற்கை நுண்ணறிவின் துணையால் உருவாக்கப்பெற்ற வரலாற்றுப் புனைகதை' என்பின், அது பெயர் அன்று, பொருள் விளக்கம். இக்கட்டுரை அதற்கு ஒரு பெயரை ஆராய்ந்து முன்மொழிகின்றது. சொல்வளம் பெருக்கும் ஆர்வத்தால் மட்டும் யாம் இதில் புகவில்லை. இவ்வகை எழுத்து நாளை ஓர் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் சான்றாக ஏறுமா, ஏறாதா என்பது பெரிதும் அதன் பெயரைப் பொறுத்தது என்பதே எம் கருத்து.

1. வரலாறும் சரித்திரமும்

'வரலாறு' என்னும் சொல்லை வரல் + ஆறு எனப் பிரிப்பர். ஆறு என்பது வழி. ஒன்று வந்த வழியே அதன் வரலாறு. பழைய இலக்கண உரைகளில் நூற்பாவிற்கு எடுத்துக்காட்டுத் தரும் இடத்து 'வரலாறு' என்று குறித்து, அதன்பின் உதாரணங்களை அடுக்கும் வழக்கமும் உண்டு. விதி இது; அது வழக்கில் வந்த ஆறு இது என்பது அதன் பொருள். ஆகவே இச்சொல் தொடக்கத்திலிருந்தே சான்றோடு பிணைந்தது. வந்த வழியைக் காட்ட இயலாத ஒன்றை வரலாறு என்பது சொல்லின் இயல்புக்கே முரண் ஆகும்.

'சரித்திரம்' என்னும் வடசொல்லின் நிலை வேறு. ஒருவருடைய ஒழுகலாறு, வாழ்க்கைக் கதை என்னும் பொருளில் அது தமிழில் நெடுங்காலம் வழங்கிற்று. மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட தம் நூலுக்குப் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்று பெயரிட்டார். விவேக சிந்தாமணியில் தொடராக வந்து 1896இல் நூலான இராசமையரின் கதை 'கமலாம்பாள் சரித்திரம்' எனப்பட்டது. அ. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' 1898இல் வெளிவந்தது. இம்மூவரும் உலகில் வாழ்ந்தவர் அல்லர். ஆசிரியர் கற்பனையில் பிறந்தவர். எனினும் மூன்று நூல்களும் சரித்திரங்கள் என்றே பெயர் பெற்றன. ஒருவருடைய கதை என்னும் பழைய பொருள் வழக்கில் இருந்தமையால் அக்காலத்து வாசகர்க்கு அப்பெயர் இடர் செய்யவில்லை.

இடர் தோன்றியது, உண்மையில் வாழ்ந்த அரசரும் நிகழ்ந்த போர்களும் நெடுங்கதைக்குள் புகுந்தபோதே ஆகும். திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் சென்னையில் வெளியிட்ட 'மோகனாங்கி' தமிழின் முதல் வரலாற்றுப் புதினம் என ஆராய்ச்சியாளரால் குறிக்கப்பெறுவது. நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்டது அது. இத்தகைய நூல்கள் பெருகவே, சரித்திரம் என்னும் ஒரு சொல்லே நடந்ததனையும் நடவாததனையும் சுட்ட வேண்டிய நெருக்கடி ஏற்பட்டது. வழக்கு அதனைத் தானே தீர்த்துக் கொண்டது. 'சரித்திர நாவல்' என்றும், பின்னர் 'வரலாற்று நாவல்', 'வரலாற்றுப் புதினம்' என்றும் பெயர்கள் அமைந்தன.

இம்மாற்றத்தின் இலக்கணம் நோக்கத்தக்கது. 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் தொடரில் சரித்திரமே தலைமைச் சொல். 'சரித்திர நாவல்' என்னும் தொடரில் அஃது அடையாகி முன்னே சென்றுவிட்டது, நாவல் தலைமையாயிற்று. தமிழ்த் தொடரில் தலைமைச் சொல் இறுதியில் நிற்கும். வாழைத்தோட்டம் என்பது தோட்டமே. தோட்டவாழை என்பது வாழையே. வரலாற்றுப் புதினம் வரலாற்றின் ஒருவகை அன்று, புதினத்தின் ஒருவகை. ஒரு தலைமுறைக் காலத்து வழக்கு முயன்று செய்த பாகுபாடு இது. புதிய பெயரை ஆக்குவோர் இதனைக் கைநெகிழ விடுதல் கூடாது.

2. புதினமும் பொய்ம்மொழியும்

'புதினம்' என்னும் சொல்லின் வழக்காறு மேலும் ஒரு பாடம் புகட்டுகின்றது. தமிழ்நாட்டில் அது நாவலைக் குறிக்கும். ஈழத்தமிழ் வழக்கிலோ அது செய்தியைக் குறிக்கும். செய்தித்தாளைப் புதினப்பத்திரிகை என்பதும் அங்கு உண்டு. கடலின் ஒரு கரையில் நடந்தது என அறிவிக்கப்படுவதற்கு உரிய பெயர், மறு கரையில் கற்பனைக் கதைக்குப் பெயராகியது. இருந்தும் இரு நாட்டாரும் இடர்ப்பட்டிலர். அவ்வந்நாட்டு மரபு சொல்லின் பொருளைக் காத்து நிற்பதே காரணம். மரபுடைய பொருளுக்கு எப்பெயரும் பொருந்தி அமையும். மரபே இன்னும் உருவாகாத பொருளுக்கு அவ்வாறு அன்று. அதன் இயல்பை அதன் பெயரே உரைத்தல் வேண்டும். நன்னூலார் வகுத்த முறையில் கூறுவதாயின், அஃது இடுகுறியாய் இருத்தல் போதாது. காரணப்பெயராய் இருத்தல் வேண்டும்.

கற்பனையை வகைப்படுத்தும் முயற்சி தமிழுக்குப் புதிது அன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் உரைநடையை நால்வகையாகப் பகுத்தார். அவற்றுள் ஒன்று பொருளோடு பொருந்தாத பொய்ம்மொழி. மற்றொன்று பொருளோடு பொருந்திய நகைமொழி. முன்னதற்கு விளக்கம் கூறும் பேராசிரியர், யானையும் குருவியும் நட்புக்கொண்டு உரையாடியதாகக் கட்டப்படும் கதைகளைச் சுட்டுகின்றார். கேட்போர் எவரும் அவற்றை நடந்தனவாகக் கொள்ளார். பொய் என்பது அதன் தோற்றத்திலேயே விளங்கிவிடும். அகத்திணைக்கு உரிய புலனெறி வழக்கத்திலும் நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்து நிற்கும் என்பதனைத் தொல்காப்பியர் வெளிப்படையாகவே கூறினார். தலைவன் தலைவியர்க்கு இயற்பெயர் கூறல் ஆகாது என்ற வரையறையும் அதனோடு இயைந்தது. நடந்ததையும் புனைந்ததையும் கலக்குங்கால் கலந்த இடம் தெரிய ஒரு குறி வேண்டும் என்பதே இவற்றால் பெறப்படுவது.

3. புதினம் எழுதினோரும் சான்றுகளும்

இனி, வரலாற்றுப் புதினம் சான்றோடு கொண்ட உறவைக் காண்போம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தது. அதற்கு முன்னரே நீலகண்ட சாத்திரியாரின் சோழர் வரலாறும், சதாசிவப் பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' முதற்பகுதியும் அச்சேறியிருந்தன. ஆதித்த கரிகாலன் கொலைக்கு அடிப்படைச் சான்று உடையார்குடிக் கல்வெட்டு. காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் உள்ள அக்கல்வெட்டு முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டிற்கு உரியது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோர் கொலைக் குற்றத்திற்கு உரியவராகக் குறிக்கப்பெற்று, அவருடைய உடைமைகளும் உறவினர் உடைமைகளும் பறிமுதல் செய்யப்பட்டமை அதனால் அறியப்படுகின்றது. கொலையின் காரணத்தை அக்கல்வெட்டுக் கூறவில்லை.

கல்கியின் கற்பனை புகுந்த இடம் அதுவே. நந்தினி என்னும் பாத்திரம் கல்வெட்டில் இல்லை. கல்வெட்டின் மௌனத்திலிருந்து படைக்கப்பட்டது. வந்தியத்தேவனோ உண்மையில் வாழ்ந்தவன். குந்தவையாரின் கணவர் என்னும் அளவில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அவனைச் சுட்டுகின்றது. அவனுடைய குறும்பும் குதிரையும் கல்கி தந்தவை. கதை முடிந்ததும் வாசகர் வினாக்கள் எழுப்பினர். கல்கி முடிவுரை எழுதி விடை கூறினார். இங்குக் கருதத்தக்கது அவர் கூறிய விடைகளின் நிறைகுறை அன்று. வினவுவோர்க்கு விடை கூற ஒருவர் இருந்தார் என்பதே. 'இதனை எங்கிருந்து எடுத்தீர்?' என்று கேட்டால், 'இது பட்டயத்தில் உள்ளது. இது யான் புனைந்தது' என்று பகுத்துக் காட்டவல்ல ஒருவரை உடையதே வரலாற்றுப் புதினம்.

4. அண்ணாமலையில் மூன்று வல்லாளர்

இக்கருத்தை விளக்குதற்குத் திருவண்ணாமலையினும் சிறந்த இடம் அரிது. போசள அரசன் மூன்றாம் வீரவல்லாளன் இந்நகரோடு நெருங்கிய தொடர்புடையவன். 1311இல் மாலிக் காபூரின் படை துவாரசமுத்திரத்தைத் தாக்கிற்று. பின்னர் 1327ஐ ஒட்டி நிகழ்ந்த தில்லிப் படையெடுப்பால் அந்நகர் மேலும் சீரழிந்தது. அதன்பின் வல்லாளன் திருவண்ணாமலையைத் தன் இருப்பிடமாகக் கொண்டு ஆண்டான். இன்றும் அருணாசலேசுவரர் கோயிலில் ஒரு கோபுரம் அவன் பெயரால் வழங்குகின்றது.

அவனைப் பற்றி மூவகைச் சான்றுகள் உள. முதலாவது கல்வெட்டு. இக்கோயிற் கல்வெட்டுகள் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தால் 1990இல் தொகுத்து வெளியிடப்பெற்றன. கொடை, நிலம், ஆட்சியாண்டு, அலுவலர் பெயர் ஆகியவற்றைக் கூறுவது கல்வெட்டின் இயல்பு. அரசனின் உள்ளத்தை அது கூறாது.

இரண்டாவது, பயணியின் குறிப்பு. மதுரைச் சுல்தானை முற்றுகையிட்ட முதிய மன்னன் 1342ஐ ஒட்டிச் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டதையும், அவன் உடலின் தோல் உரிக்கப்பெற்று, வைக்கோல் திணிக்கப்பட்டு, மதுரை மதிலில் தொங்கவிடப்பட்டதையும் இப்னு பதூதா எழுதினார். அதனைத் தாமே கண்டதாகவும் கூறினார். அவர் சுல்தானின் உறவினர். அச்சார்பையும் உளங்கொண்டே நாம் அவர் குறிப்பைப் படிக்கின்றோம்.

மூன்றாவது புராணம். சைவ எல்லப்ப நாவலர் இயற்றிய அருணாசல புராணத்தில் வல்லாள மகாராசன் கதை ஒரு சருக்கமாக அமைந்துள்ளது. மகப்பேறு இல்லாத அரசனின் கொடைத்திறத்தைச் சோதிக்க இறைவன் அடியவர் கோலத்தில் வந்ததும், அரசி முன்வந்ததும், இறைவன் குழந்தையாகித் தோன்றி மறைந்ததும், மகனாக நின்று ஈமக்கடன் செய்வதாக அருளியதும் அதில் கூறப்படுகின்றன. அவ்வாக்கின்படி ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி வல்லாளனுக்குத் திதி கொடுக்கும் வழக்கம் நிலவுகின்றது.

மதுரை மதிலில் தொங்கிய அரசனுக்கு அண்ணாமலையில் இறைவனே மகனாகி நீர்க்கடன் செய்கின்றான். இவ்விரண்டினையும் ஒருங்கே எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது. மக்கள் தம் அரசனின் முடிவைப் புராணத்தால் ஆற்றிக்கொண்டனரோ என எண்ணத் தோன்றுகின்றது. அஃது ஓர் ஊகமே. எனினும் ஆராயத்தக்க ஊகம். அவ்வாறு ஊகிக்க முடிவதும் மூன்று சான்றுகளும் தனித்தனியே நிற்பதனாலேயே ஆகும். யார் கூறியது, எதற்காகக் கூறியது என்பது மூன்றிற்கும் தெரியும்.

இம்மூன்றினையும் இயந்திரம் கலந்து ஒரு கதையாக்கித் தருமாயின் என்னாகும்? புராணத்து அரசி மதுரை முற்றுகைப் பாசறையில் நின்று உரையாடுவாள். இறைவன் அருளிய நாளுக்கு ஆட்சியாண்டும் திங்களும் குறிக்கப்படும். இல்லாத கல்வெட்டு ஒன்று சுவர் எண்ணோடு தோன்றவும் கூடும். கதை சுவையுடையதாகவே இருக்கும். ஆயின் எவ்விழை எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய இயலாது. பிரித்தறிய இயலாத இடத்தில் மேற்கூறிய ஊகத்திற்கும் வழியில்லை. நாம் இழப்பது ஓர் ஆண்டுக் கணக்கை மட்டும் அன்று. அம்மக்களின் துயரையும் பற்றையும் உணர்தற்குரிய வாயிலையே இழந்துவிடுகின்றோம்.

இதனை இன்னும் சிறிய எடுத்துக்காட்டொன்றால் விளக்கலாம். திருவண்ணாமலையை அடுத்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள ஊர் வேங்கிக்கால். பரந்த ஏரியை உடையது. அவ்வூர்ப் பெயரின் வரலாற்றைக் கதையாக்கித் தருமாறு வேண்டின், 'வேங்கி' என்னும் ஒலி கீழைச் சளுக்கியரின் வேங்கி நாட்டை உடனே இழுத்து வரக்கூடும். வேங்கி அரச குடியிற் பிறந்து 1070இல் சோழ அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன் வருவான். அவனோடு வந்த படைவீரர் குடியேறி ஏரி வெட்டினர் என்று கதை விரியும். குலோத்துங்கன் உண்மை, வேங்கி நாடு உண்மை, ஆண்டும் உண்மை. ஆனால் அவற்றை இவ்வூரோடு பிணைக்கும் முடிச்சுக்கு ஒலியொப்புமை தவிர வேறு சான்று இல்லை. ஊர்ப்பெயராய்வில் ஒலியொப்புமை வினாவை எழுப்பலாம்; விடையாக நிற்கலாகாது. 'கால்' என்னும் ஈற்றுச் சொல்லுக்கே காற்று, உறுப்பு, வாய்க்கால் எனப் பல பொருள்கள் உண்டு. இத்தகைய கதை ஒரு திருவிழா மலரில் அச்சேறி, அதிலிருந்து ஒரு மாணவர் தம் ஆய்வேட்டில் எடுத்தாளின், மூன்றே படிகளில் அது வரலாறாகிவிடும்.

5. இயந்திரம் புனையும் முறை

பெரிய மொழி மாதிரி எனப்படும் இவ்வியந்திரம், தனக்குப் பயிற்றப்பட்ட பெருந்தொகையான எழுத்துகளிலிருந்து சொற்கள் ஒன்றையொன்று தொடர்ந்து வரும் முறைமையைக் கற்றுக்கொள்கின்றது. பின்னர், முன்னுள்ள சொற்களை நோக்கி, அடுத்து வரத்தக்கது யாது என்று நிகழ்தகவால் கணித்து, ஒவ்வொரு துண்டாக இணைத்துச் செல்கின்றது. உண்மையென நிறுவப்பட்டதும் அடிக்கடி எழுதப்பட்டதும் அதற்கு வெவ்வேறாக நிற்பதில்லை. கல்வெட்டுத் தொகுதியில் ஓரிரு முறை வரும் இரவிதாசனினும், கதையிலும், 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வந்த திரைப்படத்திலும், அவற்றைப் பற்றிய பேச்சிலும் எண்ணற்ற முறை வந்த நந்தினி அதற்கு அணுக்கமானவள். எனவே கற்பனை மிகுதியாகவும் சான்று குறைவாகவும் பரவியுள்ள ஒரு மொழியில் இவ்வியந்திரம் கற்பனையையே வரலாறாக மீட்டுத் தரும் வாய்ப்பு மிகுதி. தமிழின் கல்வெட்டுச் செல்வத்தில் பெரும்பகுதி இன்னும் எளிதில் எட்டாத நிலையில் இருப்பதை அறிந்தோர்க்கு இதன் இடர் புலனாகும்.

இதனைப் பொய் என்று கடிந்துவிடலாமா எனின், அதுவும் பொருந்தாது. கல்வெட்டாய்வாளர் போலிச் செப்பேடுகளை நன்கு அறிவர். நிலவுரிமை நாடிப் பழைய அரசன் பெயரால் பிற்காலத்தார் ஆக்கியவை அவை. போலிக்கு ஏமாற்றும் நோக்கம் உண்டு. புனைவுக்கு அந்நோக்கம் இல்லை. ஆசிரியரும் வாசகரும் உடன்பட்டு ஆடும் ஆட்டம் அது. இயந்திரத்தின் கதையிலோ ஏமாற்றும் நோக்கமும் இல்லை, உடன்பாடும் இல்லை. நோக்கத்தால் அது போலியன்று. விளைவால் போலியின் தீங்கை அது செய்யவல்லது. இம்மூன்றாம் நிலைக்கே பெயர் வேண்டும்.

உலகின் பிற பகுதிகளிலும் இவ்வினா எழுந்துள்ளது. சப்பானில் இயந்திரத்தின் துணையோடு எழுதப்பெற்ற ஒரு கதை 2016இல் ஓர் இலக்கியப் பரிசின் முதற்கட்டத் தேர்வைக் கடந்தது. 2024 சனவரியில் அக்குதகவா பரிசு பெற்ற ரியே குதான், தம் புதினத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்கு இயந்திரம் தந்த வாசகங்கள் என்று தாமே கூறினார். அவர் கூறியதனால் உலகம் அறிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டம் இயந்திர ஆக்கங்களுக்கு அடையாளமிடுதலை வலியுறுத்துகின்றது. இந்திய அரசும் 2025 அக்டோபரில் இதுகுறித்து வரைவு விதிகளை வெளியிட்டது. சட்டம் அடையாளத்தைக் கேட்கும். அடையாளத்தில் எழுதும் சொல்லைத் தமிழர்க்குத் தமிழ் ஆய்வாளரே தருதல் வேண்டும்.

6. பெயர் ஆராய்ச்சி

கலைச்சொல் ஆக்கத்தில் தமிழர்க்கு நெடிய பழக்கம் உண்டு. யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் கிரீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, அதற்குரிய சொற்களை ஆக்கினார். 1916இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் அறிவியற் சொற்களுக்கென ஒரு சங்கம் நிறுவினர். 1934இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியும் இத்துறையில் குறிப்பிடத்தக்கது. இம்முயற்சிகளை நோக்கி, நல்ல கலைச்சொல்லுக்குரிய இயல்புகள் நான்கு எனக் கொள்ளலாம். அவை: பொருட்பொருத்தம், சுருக்கம், பிற சொற்கள் கிளைத்தற்கு இடம், வேறு பொருளோடு மயங்காமை.

முதற்கண் 'பொறிவரலாறு' என்பதனை எடுத்துக் கொள்வோம். பொறி என்பது இயந்திரம். ஆதலின் பொருந்துவது போலத் தோன்றும். ஆயின் பொறித்தல் என்பது கல்லிலும் செம்பிலும் எழுத்தை வெட்டுதலும் ஆகும். பொறிவரலாறு என்பதைக் கேட்போர் கல்லில் பொறிக்கப்பெற்ற வரலாறு என்றே கொள்ளுதல் கூடும். எம்மயக்கத்தை நீக்கப் புகுந்தோமோ அதனையே இச்சொல் வளர்க்கும். மேலும் இதில் வரலாறு தலைமைச் சொல்லாய் நிற்கின்றது. ஆகவே கொள்ளத்தகாது.

இரண்டாவது 'புனைவரலாறு'. சுருக்கமும் ஓசையும் உடையது. ஆனால் இதிலும் தலைமை வரலாற்றுக்கே. இயந்திரம் என்னும் குறிப்பும் இல்லை. மூன்றாவது 'செயற்கைப் புதினம்'. இதில் புதினம் தலைமையாதல் நன்று. எனினும் புதினம் எல்லாம் செயற்கையே அன்றோ? இயற்கைப் புதினம் என ஒன்று இல்லாதவிடத்து இவ்வடை பொருளற்றதாகின்றது. நான்காவது 'போலிப் புதினம்'. ஏமாற்றும் நோக்கம் இல்லாத ஒன்றனைப் போலி என்றல் பழிச்சொல்லாகுமேயன்றிக் கலைச்சொல்லாகாது.

யாம் முன்மொழிவது 'வரலாற்றுக் கணிபுனைவு' என்பது. பொதுவகையில் இயந்திரம் புனையும் கதை அனைத்தும் 'கணிபுனைவு' ஆகும். வரலாற்றைப் பொருளாகக் கொண்டது வரலாற்றுக் கணிபுனைவு ஆகும். இதில் தலைமைச் சொல் புனைவு. வரலாறு அடையாக முன்னே நிற்கின்றது. வரலாற்றுப் புதினத்தில் வழக்கு செய்த பாகுபாடு காக்கப்படுகின்றது. 'கணி' என்பது கணினி, கணிப்பொறி என்னும் சொற்களால் மாணவரும் அறிந்தது. கணித்தல் என்பதற்கு எண்ணி அளவிடுதல், வருவது கூறுதல் என இரு பொருளும் உண்டு. அடுத்து வரும் சொல்லை நிகழ்தகவால் கணிக்கும் இயந்திரத்திற்கு இரண்டும் ஒருங்கே பொருந்துகின்றன.

இச்சொல்லில் பகரம் மிகாமை கருதியே அமைத்தது. 'கணிப்புனைவு' என எழுதின் கணி பெயர்ச்சொல்லாகி, சோதிடன் புனைவு எனவும் பொருள்படும். 'கணிபுனைவு' என எழுதின் வினைத்தொகையாகும். குடிநீர் என்பதில் நீர் குடிப்பதன்று, குடிக்கப்படுவது. அதுபோலக் கணிபுனைவு என்பது கணிக்கப்பட்ட புனைவு. வினைத்தொகையில் காலம் மறைந்து நிற்கும் என்பது இலக்கணம். இறந்த காலத்தைக் கூறுவது போலத் தோன்றினும் எக்காலத்தோடும் உண்மையில் பிணைப்பில்லாத ஓர் எழுத்துக்கு இத்தொகை பொருத்தமுடையது.

கிளைச்சொற்களும் எளிதில் அமைகின்றன. கணிபுனைதல், கணிபுனைவியல், கணிபுனைவுக் குறி என்பன போல்வன. இயந்திரத்தை ஏவிக் கதை பெறுபவரை ஆசிரியர் என்னாது 'புனைவித்தவர்' எனலாம். இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா என்னும் பாகுபாடு தமிழ் இலக்கணத்தில் உளது. கோயிலைக் கட்டுவித்த அரசனுக்கும் கட்டிய தச்சனுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிறவினை விகுதி காட்டுவதுபோல, இங்கும் காட்டும். ஆனால் தச்சனை அழைத்து 'இக்கல்லை எங்கிருந்து எடுத்தாய்?' என்று கேட்கலாம். இயந்திரத்திடம் கேட்டுப் பெறும் விடையும் ஒரு கணிபுனைவாய் முடிதல் கூடும். ஆதலின் விடை கூறும் பொறுப்பு முழுவதும் புனைவித்தவரையே சாரும். அப்பொறுப்பை அவர் மறவாதிருக்க இப்பெயர் துணை செய்யும்.

7. தடையும் விடையும்

'ஏஐ கதை' என மக்கள் வழங்கத் தொடங்கிவிட்டனரே, புதுச்சொல் எதற்கு என்று சிலர் வினவலாம். நாவல் என்பது இன்றும் வழங்க, புதினமும் உடன் வழங்கவில்லையா? பேச்சு வழக்கை எவரும் தடுக்க வேண்டுவதில்லை. ஆயின் ஏஐ என்னும் எழுத்துகள் கருவியின் பெயரையே கூறும். ஆக்கத்தின் இயல்பைக் கூறா. கருவிகள் மாறும்; இயல்பே பெயராதல் நன்று.

இனிவரும் எழுத்தாளர் பலரும் ஏதேனும் ஓரளவில் இயந்திரத்தைத் துணைக்கொள்வர். அனைத்தையும் கணிபுனைவு என்பதா என்பது வலிய தடை. எழுத்துப்பிழை திருத்தியதனாலோ நூற்பட்டியல் தேடியதனாலோ ஒரு நூல் கணிபுனைவாகிவிடாது. எல்லை இதுவென யாம் கொள்வோம்: கதையில் நிகழ்ச்சியாகக் கூறப்படுவது ஒன்று எங்கிருந்து வந்தது என்று வினவும்போது, 'சான்றிலிருந்து' என்றோ 'என் கற்பனையிலிருந்து' என்றோ எழுதியவர் விடை கூற வல்லவராயின், அது புதினம். 'இயந்திரம் தந்தது, மேல் அறியேன்' என்பதே விடையாயின், அப்பகுதி கணிபுனைவு. நூல் முழுமைக்கும் அன்றி ஓர் இயலுக்கோ ஒரு பத்திக்கோ இக்குறியை இடுதலும் கூடும்.

புராணமும் கற்பனை கலந்ததுதானே, அதற்கு ஏன் இக்கட்டுப்பாடு இல்லை என்னும் வினாவும் எழலாம். புராணத்திற்கு ஆசிரியர் உண்டு. கேட்கும் அவை உண்டு. அதனைப் போற்றிய சடங்கு உண்டு. பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரையில் ஆண்டுதோறும் கூடும் மக்களே அதன் சான்று. புராணம் நடந்ததனைக் கூறாவிடினும் நம்பப்பட்டதனைக் கூறுகின்றது. நம்பிக்கையும் வரலாற்றின் பகுதியே. எவரும் நம்பியிராத, எவரும் சொல்லியிராத ஒன்றனைக் கூறும் கணிபுனைவுக்கு அந்நிலை இல்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: சரித்திரம் என்னும் சொல் தலைமை நிலையிலிருந்து அடைநிலைக்குச் சென்றதனால் தமிழ் வாசகர் வரலாற்றையும் புதினத்தையும் பிரித்தறிந்தனர். புதினம் சான்றோடு கொண்ட உறவை விடை கூறவல்ல ஓர் ஆசிரியர் காத்து வந்தார். இயந்திரம் ஆக்கும் கதையில் அவ்வாசிரியர் இல்லாமையால், அக்கடமையின் ஒரு பகுதியைப் பெயரே ஏற்க வேண்டியுள்ளது. அப்பெயர் 'வரலாற்றுக் கணிபுனைவு' ஆகலாம் என்பது எம் துணிபு. இதனினும் சிறந்த சொல்லை அறிஞர் காட்டின், அதனை ஏற்பதில் எமக்குத் தடையில்லை. ஆனால் அதன் தலைமைச் சொல் வரலாறாய் இருத்தல் மட்டும் ஆகாது.

இத்தகைய கதைகளை விலக்க வேண்டும் என்பது எம் கருத்தன்று. அவற்றைப் படிப்போர் படிக்கட்டும். அவற்றுள் சில ஒரு மாணவரைக் கல்வெட்டுத் தொகுதியின் பக்கம் திருப்புமாயின் மகிழ்ச்சியே. ஆய்வேடு எழுதுவோர்க்கும் அதனை நெறிப்படுத்துவோர்க்கும் யாம் வேண்டுவது ஒன்றே. அடிக்குறிப்பில் ஒரு நூலைச் சான்றாக இடுமுன், அது வந்த ஆற்றைத் தேடுக. ஆறு தெரியின் வரலாற்றில் சேர்க்க. ஆறு தெரியாதாயின் கணிபுனைவு எனக் குறித்து ஒதுக்குக. வல்லாளன் பெயரால் கோபுரம் நிற்கின்றது. அவன் பொருட்டு மாசி மகத்தில் நீர்க்கடன் நடக்கின்றது. அவன் முடிவைக் கண்டதாகக் கூறியவரின் எழுத்தும் உளது. இம்மூன்றினையும் தனித்தனியே அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துச் செல்லுதல் நம் கடன்.